கொலஸ்ட்ரால் மாத்திரை: பலன் எவ்வளவு, பக்கவிளைவு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) அதிகம் என்று வந்திருக்கிறது. உடனே மாத்திரை தொடங்க வேண்டுமா?

மூன்று தரப்பினருக்கு மட்டும் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்லலாம். முதலாவது, ஏற்கெனவே மாரடைப்போ ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள். இரண்டாவது, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எல்.டி.எல். 190 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ளவர்கள். இவர்களில் பலருக்கு அது பரம்பரையாக வருவது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது என்பதால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்றாவது, 40 முதல் 75 வயதுக்குள் இருக்கும் நீரிழிவு நோயாளிகள்.

மற்றவர்கள் எல்.டி.எல். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை, சிறுநீரக நிலை, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா என்பது என எல்லாம் சேர்ந்துதான் அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன. எல்.டி.எல். 145 உள்ள, புகைக்காத 38 வயதுப் பெண்ணையும், எல்.டி.எல். 125 உள்ள, புகைக்கும், ரத்த அழுத்தம் உள்ள 60 வயது ஆணையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அதிகம் தேவைப்படுவது இரண்டாமவருக்கு.

முடிவு சொல்ல முடியாத நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு, இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஸ்கேன் உதவும். அளவு பூஜ்யம் என்று வந்தால், புகைப்பழக்கமும் நீரிழிவும் இல்லாதவர்கள் மாத்திரையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

மாத்திரை தொடங்கும் முன் எந்தப் பரிசோதனைகள் அவசியம்?

முதலில், எல்.டி.எல். எண் நம்பத்தக்கதா என்று பாருங்கள். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுச் சொல்கின்றன. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். என்ற ‘நல்ல’ கொலஸ்ட்ராலையும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதுதான் அந்த எண். மொத்தம் 240, எச்.டி.எல். 40, ட்ரைகிளிசரைடு 250 என்றால் 240 − 40 − 50 = 150. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நேரடி அளவீடு கேளுங்கள், அல்லது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது தைராய்டு, அதாவது டி.எஸ்.எச். பரிசோதனை. இதைத் தவறவிடவே கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்.டி.எல். ஏறும். அதே குறைபாடு தசை வலியையும் தரும், மாத்திரையால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பையும் கூட்டும். தைராய்டைச் சரிசெய்தாலே எல்.டி.எல். இறங்கிவிடுகிறவர்கள் உண்டு.

இவற்றோடு கல்லீரல் நொதிகள், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், மூன்று மாத சராசரி சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தசை நோயோ காரணம் தெரியாத தசை வலியோ இருந்தால் சி.கே. என்ற தசை நொதியையும் ஒருமுறை எடுத்து வைக்கவும். பின்னால் வலி வந்தால் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.

இந்த மாத்திரை உடலில் என்ன செய்கிறது?

நாம் பேசுவது பெரும்பாலும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளைப் பற்றித்தான். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் எல்லாம் இந்தக் குடும்பம். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987-இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது.

கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் தயாரிக்கும். அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கிய நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. கையிருப்பு குறைந்த கல்லீரல், ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளை அதிகமாக உருவாக்குகிறது. ரத்தத்தில் எல்.டி.எல். குறைவது இப்படித்தான். அதோடு, குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்த கொழுப்புத் திட்டு எளிதில் வெடிக்காதபடி உறுதியாகிறது. மாரடைப்பைத் தூண்டுவது பெரும்பாலும் திட்டு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைவதுதான் என்பதால் இது பெரிய விஷயம்.

எனக்கு எவ்வளவு பலன் கிடைக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் வந்த விதி: எல்.டி.எல். ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. 60 மில்லிகிராம் குறைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இந்த மூன்றில் ஒரு பங்கு யாருடைய ஆபத்திலிருந்து கழிகிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. மாரடைப்பு வந்துபோன நூறு பேர் இருக்கிறார்கள், பத்தாண்டில் மீண்டும் வரும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எல்.டி.எல்.லை 150-லிருந்து 90-க்குக் கொண்டுவந்தால் 30 என்பது 20 ஆகும். நூறில் பத்துப் பேர் தப்பிக்கிறார்கள். இன்னொரு நூறு பேருக்கு அதே எல்.டி.எல்., அதே மாத்திரை. ஆனால் அவர்களுடைய பத்தாண்டு ஆபத்து 6 சதவீதம்தான். அது 4 ஆகும். தப்பிப்பவர்கள் இரண்டு பேர். “மூன்றில் ஒரு பங்கு குறைகிறது” என்ற வாக்கியம் இரு தரப்புக்கும் உண்மை. ஆனால் முதல் தரப்பினர் மாத்திரையைத் தவிர்ப்பது பெரிய இழப்பு, இரண்டாம் தரப்பினர் யோசித்து முடிவெடுக்க இடமுண்டு.

மாரடைப்பு வந்தவர்களிடம் இது கணக்கோடு நிற்கவில்லை, நேரடியாகவே நிரூபணமானது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடத்தி 1994-இல் வெளியான சிம்வாஸ்டாட்டின் ஆய்வில், சுமார் ஐந்தரை ஆண்டுகளில் போலி மாத்திரை (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்து இல்லாத மாத்திரை) எடுத்தவர்களில் 256 பேரும், உண்மையான மாத்திரை எடுத்தவர்களில் 182 பேரும் இறந்தார்கள்.

ஆகவே மருத்துவரிடம் “கொலஸ்ட்ரால் எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “என் பத்தாண்டு ஆபத்து எத்தனை சதவீதம், மாத்திரை எடுத்தால் அது எத்தனை ஆகும்?” என்று கேளுங்கள்.

எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம்?

எல்.டி.எல்.லைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க வேண்டுமானால் அட்டோர்வாஸ்டாட்டின் 40–80 அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20–40 மில்லிகிராம். முப்பது முதல் ஐம்பது சதவீதம் போதும் என்றால் அட்டோர்வாஸ்டாட்டின் 10–20, ரோசுவாஸ்டாட்டின் 5–10, சிம்வாஸ்டாட்டின் 20–40 இவற்றில் ஏதாவது ஒன்று.

அளவை இரட்டித்தால் பலனும் இரட்டிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம் மட்டுமே குறைகிறது. பெரும்பகுதி வேலையை முதல் 10 மில்லிகிராமே செய்துவிடுகிறது. பக்கவிளைவுகளோ அளவு கூடக் கூட ஏறுகின்றன. அதிக அளவைத் தாங்க முடியாதவர்கள் பாதி அளவோடு எசெடிமைப் என்ற வேறு வகை கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்த்துக்கொள்வது பல நேரங்களில் நல்ல வழி.

ஆசிய வம்சாவளியினர் உடலில் ரோசுவாஸ்டாட்டின் ஏறத்தாழ இரு மடங்கு ரத்த அளவை எட்டுகிறது. எனவே அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதே பரிந்துரை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்கள் ரோசுவாஸ்டாட்டினை 10 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

தசை வலி வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் எல்லோரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2022-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 19 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 1,24,000 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. தசை வலி, தசைத் தளர்ச்சி என்று சொன்னவர்கள் ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம். நடுவயதில் தசை வலி எல்லோருக்கும் வருகிறது. மாத்திரையால் கூடுதலாக வருவது முதல் ஆண்டில் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒருவர். அதன் பிறகு வித்தியாசம் மிகச் சிறிது.

லண்டனில் நடந்து 2020-இல் வெளிவந்த இன்னொரு சிறிய ஆய்வையும் சொல்ல வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு ஆளுக்கு 12 குப்பிகள் கொடுத்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறும் குப்பி. மாதம் ஒன்று, வரிசை தாறுமாறாக. தினமும் தொந்தரவுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. போலி மாத்திரையில் 15.4. ஸ்டாட்டினில் 16.3.

அந்த வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. 15.4 என்று எழுதியவர்கள் உண்மையாகவே வலித்ததால்தான் எழுதினார்கள். மாத்திரை சாப்பிடுகிறோம், வலி வரும் என்ற எதிர்பார்ப்பே வலியாக மாறுகிறது. இதைப் புரிந்துகொண்டபின் அவர்களில் பாதிப்பேர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள்.

என் வலி மாத்திரையால் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்டாட்டின் தசை வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டு தொடைகளிலும், இரண்டு கெண்டைக்கால்களிலும், சில சமயம் இரு தோள்களிலும் சமமாக வரும். தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். மாடிப்படி ஏறும்போது, தரையிலிருந்து எழும்போது கனமும் தளர்ச்சியும் தெரியும். ஒரு பக்க முழங்கால் மூட்டு வலி, கழுத்தில் பிடிப்பு, குத்தும் நரம்பு வலி, இரவில் திடீரென்று வரும் குரக்களி இவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்.

சந்தேகம் வந்தால் முதல் வேலை சி.கே. பரிசோதனை. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கடும் உடற்பயிற்சியைத் தவிருங்கள். பளு தூக்கினாலே இந்த எண் பல மடங்கு ஏறும். அதைப் பார்த்து மாத்திரையைக் குற்றம்சாட்டுவது அடிக்கடி நடக்கிறது. சி.கே. இயல்பு வரம்பைப் போல் 10 மடங்கைத் தாண்டினால் மாத்திரையை உடனே நிறுத்தி, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். நான்கு மடங்குக்குள் இருந்தால் அவசரமில்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டு 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பாருங்கள். வலி குறையவில்லை என்றால் காரணம் வேறு. குறைந்தால், அதே மருந்தைக் குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டாட்டினையோ தொடங்கிப் பாருங்கள். மீண்டும் அதே வலி வந்தால்தான் மாத்திரைமேல் பழியை உறுதி செய்யலாம். அப்போதும் வழி அடைபடவில்லை. ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தே பலர் நன்றாக இருக்கிறார்கள்.

நிறுத்திப் பார்ப்பதும் மீண்டும் தொடங்கிப் பார்ப்பதும் சேர்ந்ததுதான் இந்தச் சோதனை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள் பலர். ஸ்டென்ட் வைத்தவர்கள் அப்படிச் செய்வது உண்மையிலேயே கவலை தருகிறது.

சிறுநீர் அடர்பழுப்பு நிறத்தில் போனாலோ, கை கால் தூக்க முடியாத தளர்ச்சி வந்தாலோ காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அந்த நிலை ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. நிறுத்தியும் தசைத் தளர்ச்சி கூடிக்கொண்டே போகிறவர்கள் இன்னும் அரிது. அவர்களுடைய நோய் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்குகிறது, அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

கோஎன்சைம் க்யூ10 என்ற துணைச்சத்து மாத்திரை சாப்பிட்டால் வலி போகுமா?

தசை வலிக்கு அது உறுதியாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. செலவு செய்ய வேண்டியதில்லை.

சர்க்கரை நோய் வருமா?

சிறிது வாய்ப்பு கூடுகிறது. 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு வருகிறது என்று 2010-இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. அளவு கூடினால் வாய்ப்பும் கூடும். பெரும்பாலும் இது நடப்பது ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு, அதாவது மூன்று மாத சராசரி சர்க்கரை 6 சதவீதத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு. மாத்திரை சர்க்கரையைக் கொஞ்சம் உயர்த்துகிறது, எல்லையில் நின்றவர் சற்று முன்னதாகவே கோட்டைத் தாண்டுகிறார்.

அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. நீரிழிவு வந்தவருக்கு மாரடைப்பு ஆபத்து கூடுவதால் மாத்திரையின் தேவையும் கூடுகிறது. தொடங்கும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் சர்க்கரையைப் பாருங்கள்.

கல்லீரல், ஞாபக மறதி, புற்றுநோய்?

கல்லீரல் நொதிகள் லேசாக ஏறுவது உண்டு, பெரும்பாலும் தானே இறங்கும். இயல்பைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால் நிறுத்தி மறுபரிசோதனை செய்ய வேண்டும். உண்மையான கல்லீரல் சேதம் மிக அரிது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எல்லோருக்கும் அடிக்கடி கல்லீரல் பரிசோதனை வேண்டும் என்ற நிபந்தனையை 2012-இல் நீக்கியது. கல்லீரலில் கொழுப்புப் படிந்தவர்கள் தாராளமாக ஸ்டாட்டின் எடுக்கலாம். மஞ்சள் காமாலையோ முற்றிய கல்லீரல் சுருக்கமோ இருந்தால் கூடாது.

மறதி சிலர் சொல்வதுண்டு, நிறுத்தினால் சரியாகிறது. நிலையான ஞாபகமறதி நோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புற்றுநோயும் கூடவில்லை.

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் மட்டும் தனியாகப் பேச வேண்டியவர்கள். 2006-இல் வெளியான, பக்கவாதம் வந்தவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 கொடுத்த ஆய்வில் அடைப்பால் வரும் பக்கவாதம் குறைந்தது, கசிவால் வருவது சற்றுக் கூடியது.

வேறு எந்த மருந்துகளோடு சேர்க்கக் கூடாது?

பெரிய தசைச் சேதங்களில் பலவற்றுக்குப் பின்னால் மருந்துகளின் மோதல் இருக்கிறது. 2001-இல் செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தே தசைச் சேதத்தால் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதை ஜெம்ஃபைப்ரோசில் என்ற ட்ரைகிளிசரைடு மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களிடம் பாதிப்பு குறிப்பாக அதிகம்.

சிம்வாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் கல்லீரலில் ஒரே பாதையில் கரைகின்றன. அந்தப் பாதையை அடைக்கும் மருந்து வந்தால் ஸ்டாட்டின் ரத்தத்தில் தேங்கிவிடும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இட்ராகொனசோல் மூன்றும் அப்படிப்பட்டவை. சளிக்கோ பூஞ்சைத் தொற்றுக்கோ ஒரு வாரம் இவற்றில் ஒன்றை எழுதினால் அந்த நாள்களில் சிம்வாஸ்டாட்டினை நிறுத்திவையுங்கள். அட்டோர்வாஸ்டாட்டினாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். அசித்ரோமைசினில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் உச்சவரம்பு 20 மில்லிகிராம். டில்டியாசெம், வெராபமில் எடுப்பவர்களுக்கு 10. யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கௌட் வாதத்துக்கான கோல்சிசின் எந்த ஸ்டாட்டினோடு சேர்ந்தாலும் தசையைக் கவனிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு மருந்து தேவைப்பட்டால் ஜெம்ஃபைப்ரோசில் வேண்டாம், ஃபீனோஃபைப்ரேட் மேல். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்து ரோசுவாஸ்டாட்டினின் ரத்த அளவைப் பாதியாக்கிவிடும், இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். கிரேப்ஃப்ரூட் சாற்றை நிறையக் குடிக்கும் பழக்கமும் அதே பாதையை அடைக்கும்.

“இயற்கையானது” என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். அதில் வேலை செய்வது லோவாஸ்டாட்டினேதான், எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் குப்பிக்குக் குப்பி மாறும்.

காலையா, இரவா? ஒருவேளை மறந்தால்?

அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடலில் நெடுநேரம் தங்குவதால் எந்த நேரமும் சரி. சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் கரைந்துவிடும், கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது இரவில் என்பதால் அதை இரவில் எடுங்கள். மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்க வேண்டாம்.

எல்.டி.எல். நார்மலுக்கு வந்துவிட்டது. இனி நிறுத்தலாமா?

நார்மல் ஆனது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு பரிசோதனை, பிறகு 3 முதல் 12 மாதத்துக்கு ஒன்று என்று பார்ப்பது மருந்து வேலை செய்கிறதா, ஒழுங்காக எடுக்கிறோமா என்று அறியத்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டி 2019-இல் வைத்த இலக்கு 55-க்குக் கீழ்.

ஆபத்து குறைவாக இருந்து, எச்சரிக்கைக்காகத் தொடங்கியவர்களின் கதை வேறு. எடை குறைத்து, புகையை விட்டு, ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தால் பத்தாண்டு ஆபத்தைப் புதிதாகக் கணக்கிட்டு மருத்துவரோடு மீண்டும் பேசலாம். எல்.டி.எல். 190-ஐத் தாண்டிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால்?

எசெடிமைப் 10 மில்லிகிராம் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து எல்.டி.எல்.லை ஐந்தில் ஒரு பங்குபோலக் குறைக்கும். பெம்பெடோயிக் அமிலம் கல்லீரலில்தான் செயல்வடிவம் பெறுகிறது, தசையில் இல்லை. ஸ்டாட்டின் தாங்காத 13,970 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் அது பெரிய இதய நிகழ்வுகளை 13 சதவீதம் குறைத்தது. கௌட் வாதமும் பித்தப்பைக் கல்லும் சற்றுக் கூடின, எனவே யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்கள் கவனிக்கவும். எவோலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் எல்.டி.எல்.லை 60 சதவீதம்வரை குறைக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது வழக்கம். இன்க்லிசிரான் ஊசி முதலில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால்?

பெரும்பாலோர் நிறுத்திவிட வேண்டும், பாலூட்டும் காலத்திலும் வேண்டாம். தெரியாமல் சில வாரம் எடுத்துவிட்டால் பதற வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் கடுமையான பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கும் மட்டும் தொடரலாமா என்று தனியாக முடிவெடுப்பார்கள்.

75 வயதைத் தாண்டியவர்கள்?

இதய நோயோ அடைப்பால் வந்த பக்கவாதமோ உள்ளவர்கள் தொடர வேண்டும், தேவைப்பட்டால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். எந்த இதய நோயும் இல்லாமல் 75-க்குப் பிறகு புதிதாகத் தொடங்குவதற்கு ஆதாரம் மெல்லியது. கூட எத்தனை மருந்துகள் எடுக்கிறார், சிறுநீரகம் எப்படி, நடமாட்டம் எப்படி என்று பார்த்துத்தான் தொடங்க வேண்டும். மெலிந்து தளர்ந்த முதியவர்களுக்குத் தசைத் தொந்தரவு வாய்ப்பும் அதிகம்.

ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு என்று கணிக்கப்பட்ட 381 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டினை நிறுத்தியவர்களின் 60 நாள் இறப்பு, தொடர்ந்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அன்றாட வாழ்க்கைத் தரம் நிறுத்தியவர்களுக்குச் சற்று மேலாகவே இருந்தது.